அஸ்காவின் கன்னத்தில் எண்ணெய்

போன வாரம் அஸ்காவைக் குளிப்பாட்டுவதற்காக, நான் வேலை பார்த்த கிளினிக்குக்கே தூக்கிக்கொண்டு போனேன். பூனைகளுக்கு முடி வாருவதே பிழைப்பாக இருந்தவள் நான். என் பூனையை நானே குளிப்பாட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் இப்போதெல்லாம் வலது தோள் மேலே எழும்ப மறுக்கிறது. அங்கே என் இடத்தில் நந்தினி இருக்கிறாள். கெட்டிக்காரப் பெண், வாய்தான் கொஞ்சம் நீளம். அஸ்காவை மேசைமேல் வைத்துக் கன்னத்தையும் விலாவையும் தடவிப் பார்த்தாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு கிளினிக்கே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள்.

"ஏனுங்கக்கா, ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துப்போட்டு நீங்களே பூனைக்கு எண்ணெ வெச்சுட்டீங்களா?"

"நான் வெக்கலம்மா" என்றேன்.

"நல்லெண்ணெ வாசம் கும்முனு வருதுங்க. அப்ப அஸ்காவே பாட்டிலைத் தொறந்து தேச்சுக்கிச்சுங்களா?"

ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் படிப்பதற்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அவளும் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

என் வேலையைச் சொன்னால் சிரிக்காத சொந்தக்காரர் கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். "சாந்தி, பூனைக்குப் பியூட்டி பார்லராமே?" என்பார்கள். "ஆமா, நீங்க வந்தாலும் பண்ணிவிடுறேன், ஆனா கடிக்கக்கூடாது" என்பேன். சிரிப்பு அடங்கியதும் அவரவர் இலையைப் பார்த்துக்கொள்வார்கள். அந்த வேலை எப்படிப்பட்டது என்று ஒருவரும் கேட்டதில்லை.

நான் பிறந்தது ராசிபுரத்தில், நெசவு வீட்டில். நூல் சிக்கு எடுப்பது எங்கள் வீட்டில் பேசக் கற்பதற்கு முன்பே வந்துவிடும். நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் வேலை பார்த்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அவர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கிளினிக்கில் தரை கூட்டத்தான் சேர்ந்தேன். அப்போது அங்கே கோழியும் ஆடும் நாயும்தான் வரும். பூனையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஊர் சிரிக்கும். திடீரென்று ஒரு காலம் வந்தது. சப்பை மூக்கும் நீள முடியுமாக, பெர்சியன் பூனைகள் கூடை கூடையாக வர ஆரம்பித்தன. டாக்டரம்மா என்னைப் பயிற்சிக்குப் பெங்களூருக்கு அனுப்பினார். குளுகுளு அறையில் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே கற்றதில் பாதி, நம் ஊர் ஐப்பசி மழையில் கரைந்து போனது.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. குளிப்பாட்டி, துடைத்து, ப்ளோயர் போட்டு முடித்து நான் பூனையைக் கொண்டுபோய் நிறுத்துவேன். அவர் எதுவும் பேசாமல் புறங்கையை முடிக்கு அடியில், தோலோடு ஒட்டி நுழைப்பார். உள்ளங்கை வெயிலிலும் வேர்வையிலும் பழகிப் பொய் சொல்லும், புறங்கை சொல்லாது என்பது அவர் கணக்கு. துளி ஈரம் தட்டினால் போதும். திட்ட மாட்டார், முகம் கூடச் சுளிக்க மாட்டார். தானே எழுந்து போய் ப்ளோயரின் பிளக்கை மறுபடி சொருகிவிட்டு வந்து உட்காருவார். அந்தப் பிளக் சொருகுகிற சத்தத்துக்கு நான் பயந்த மாதிரி யார் திட்டுக்கும் பயந்ததில்லை.

இந்த வேலையில் முக்கால்வாசி காயவைப்பதுதான். நாமக்கல் காய்ந்த ஊர் என்பார்கள். அது கோடையில் சரி. மழை இறங்கிய பிறகு, அதுவும் காவிரி ஓரத்தில் கரும்பும் வாழையும் சூழ்ந்த மோகனூர்ப் பக்கம், துணியே இரண்டு நாளைக்குக் காயாது. பெர்சியன் பூனைக்கு முடி இரண்டு அடுக்கு. மேல் அடுக்கு உலர்ந்து பளபளவென்று நிற்கும், கீழே பஞ்சு மாதிரி இருக்கிற அடுக்கு நனைந்தபடியே கிடக்கும். அங்கேதான் வட்டம் வட்டமாகப் படை வரும். அதனால் காற்றை மேலிருந்து அடித்துப் பிரயோசனம் இல்லை. முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தோல் தெரிகிற வரைக்கும் போகவேண்டும். பூனைக்கு அந்தச் சத்தம் ஆகாது. ப்ளோயரைத் தூரத்தில் ஓடவிட்டுப் பழக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிட்டே கொண்டுவர வேண்டும்.

சிக்கு இருந்தால் தண்ணீரே காட்டக்கூடாது. நனைந்த சிக்கு கல்லாக இறுகிவிடும். முதலில் மக்காச்சோள மாவைத் தூவி விரலால் பிரிக்க வேண்டும். நுனியிலிருந்து ஆரம்பித்து வேருக்கு வரவேண்டும். பிரியவே பிரியாதென்றால் சிக்குக்கும் தோலுக்கும் நடுவில் சீப்பைக் கொடுத்து, சீப்புக்கு மேலே முடி வெட்டுகிற மெஷின் வைக்கலாம். கத்தரிக்கோல் மட்டும் வேண்டவே வேண்டாம். பூனையின் தோல் இழுத்த இழுப்புக்கு வரும், முடி எது தோல் எது என்று தெரியாமல் வெட்டிவிடுவோம்.

எல்லாப் பூனைக்கும் சிக்கு விழுகிற இடம் ஒன்றுதான். அக்குள், காதுக்குப் பின்னால், வயிறு, தொடை இடுக்கு. உரசுகிற இடமும், அது நக்க எட்டாத இடமும். இதை நினைவில் வைத்துக்கொள், நந்தினி.

நடக்க முடியாதவர்கள் சிலர் கேட்டதால் வீடுகளுக்கும் போய்ச் செய்துகொடுக்க ஆரம்பித்தோம். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பெர்சியன் பூனை இருக்கிற வீடு பெரும்பாலும் பெரிய வீடு. மாடி பூட்டிக் கிடக்கும். பிள்ளைகள் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே, இல்லாவிட்டால் கம்ப்யூட்டரோடு வெளிநாட்டில். பேரனோ பேத்தியோ ஆசைப்பட்டு வாங்கிய பூனை, லீவு முடிந்ததும் வயசான ஒருவர் தலையில் விழுந்திருக்கும். நான் சிக்கு எடுக்க எடுக்க அவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். பூனையைப் பற்றிப் பேசுவது கொஞ்சம்தான். மூட்டு வலி, மருமகள் கடைசியாகப் போன் செய்தது, தண்ணீர் மோட்டார் ரிப்பேர். நான் கிளம்பும்போது இன்னொரு டம்ளர் காப்பி போட எழுவார்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இருந்ததில்லை. பையன் புனேயில் வேலைக்குப் போய்விட்டான். என் வீட்டுக் கதவை நானே பூட்டிவிட்டு வந்து நானே திறக்கிற ஆள் நான். அந்த இரண்டாவது காப்பியை ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

பாவாயம்மாளின் வீடும் அப்படிப்பட்டதுதான். மோகனூரில், கரும்புத் தோட்டத்தை ஒட்டி. அவர் கணவர் சர்க்கரை ஆலையில் எடைமேடையில் இருந்தவர், காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகன் குமரேசன் வடக்கே ரிக் வண்டிகள் வைத்திருந்தார். பேரன் விட்டுப்போன வெள்ளைப் பெர்சியனுக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்ததாம், அந்தம்மா வாயில் நுழையவில்லை. பழைய ஆட்கள் வெள்ளைச் சர்க்கரையை அஸ்கா என்பார்கள், அந்தப் பெயரையே வைத்துவிட்டார்.

முதல் தடவை அஸ்காவைத் தொட்டதுமே எனக்கு விரலெல்லாம் பிசுக்கு. நல்லெண்ணெய். நம் ஊரில் இது ஒன்றும் புதிதல்ல. உடம்பு சூடு என்று பூனைக்கும் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், ஈரத்தைப் பிடிக்கும், சிக்கு தோலோடு ஒட்டிக்கொள்ளும். நக்கி நக்கிப் பூனைக்கு வயிறும் போகும். கூடாதென்று சொல்லி, மாவு போட்டு எண்ணெயை உறிஞ்ச வைத்து, இரண்டு தடவை ஷாம்பு போட்டுக் காயவைத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் போனால் அதே பிசுக்கு. அதற்கடுத்த தடவை முடியைப் பிரித்தால் அடியில் படை.

ஒன்று மட்டும் எனக்கு இடித்தது. சிக்கு அக்குளிலும் இல்லை, வயிற்றிலும் இல்லை. இரண்டு கன்னம், இரண்டு தோள், இரண்டு விலா. சீப்பு சுலபமாகப் போகிற இடங்கள். அங்கே சிக்கு விழ நியாயமே இல்லை. ஆனாலும் அதை யோசிக்கிற பொறுமை அன்று எனக்கு இல்லை, கோபம்தான் வந்தது.

டாக்டரம்மாவும் என்னோடு வந்திருந்தார். "அம்மா, பூனைக்கு எண்ணெய் வெக்கறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நானு எண்ணெயத் தொட்டே வெக்கலீங்க டாக்டரம்மா."

"பொய் சொல்லாதீங்கம்மா, மோந்து பாருங்க" என்று நான் என் கையை நீட்டினேன். பாவாயம்மாள் கையை முகரவில்லை. முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். இன்னொரு தடவை கேட்டதற்கும் அதே பதில்தான்.

விஷயம் தெரிந்து மறுநாள் குமரேசன் கிளினிக்குக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "வயசாயிப் போச்சுங்க, எங்கம்மாவுக்கு எத்தன சொன்னாலும் ஏற மாட்டேங்குது. அந்தப் பூனைய வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. பாவம், வாயில்லாச் சீவன்." எருமப்பட்டியில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் வீட்டில் பெர்சியன் பூனை கிடைக்குமா என்று ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா போனை வைத்தார். பிறகு, "இன்னொரு தடவை இப்படி ஆனா அது தோலு தாங்காது சாந்தி. போய்க் கூட்டிட்டு வந்துருங்க" என்றார்.

சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தோம். சனிக்கிழமை நாமக்கல்லில் மாதாந்திரக் கரண்ட் கட், ப்ளோயர் ஓடாது. அதனால் ஒரு நாள் முன்னதாக, சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளிக்கிழமை காலையிலேயே பூனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். கேட் திறந்திருந்தது. உள்ளே டி.வி. பாடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம், குளிக்கத் துவைக்கப் புழங்குகிற பொடக்காலிக்குப் போனேன்.

துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், இளவெயிலில், ஒரு மணைக்கட்டையில் பாவாயம்மாள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பழைய புடவையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார். தலையெல்லாம் எண்ணெய், கையெல்லாம் எண்ணெய். பக்கத்தில் கிண்ணம். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றித் தோளுக்கு மேலே கையைக் கொண்டுபோனார். அது பிடரியைத் தாண்டவில்லை. இடுப்புப் பக்கமாக வளைத்துப் பார்த்தார். அதுவும் பாதியில் நின்றுவிட்டது. நடு முதுகு அப்படியே வறண்டு கிடந்தது. பிறகு கிண்ணத்தைத் தூக்கிப் பிடரியில் சாய்த்தார். எண்ணெய் கோடாக முதுகில் இறங்கியது.

"அஸ்கா, வா சாமி" என்றார்.

கல்மேல் படுத்திருந்த அஸ்கா சோம்பல் முறித்து இறங்கியது. நேராக அவர் பின்னால் வந்து, முதலில் கன்னத்தை அழுத்தி முதுகில் தேய்த்தது. பிறகு தோள், பிறகு விலா, வால் நுனி வரைக்கும். திரும்பி வந்து அடுத்த கன்னம், அடுத்த தோள். எண்ணெய்க் கோடு கலைந்து முதுகெல்லாம் பரவியது. "இன்னங் கொஞ்சம் மேல சாமி" என்றார் பாவாயம்மாள். அதற்கு என்ன புரிந்ததோ, முன்னங்காலைத் தூக்கி முதுகில் வைத்து எக்கித் தேய்த்தது. அவர் தலை மெதுவாக முன்னால் கவிழ்ந்தது.

நான் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். கன்னம், தோள், விலா. அந்தம்மா பூனைக்கு எண்ணெய் வைக்கவே இல்லை. அழுகையை அடக்கப் போய்க் கையிலிருந்த பெட்டி பொடக்காலிக் கதவில் இடித்துவிட்டது. பாவாயம்மாள் திடுக்கிட்டுத் திரும்பி, துண்டை இழுத்து முதுகில் போட்டுக்கொண்டார்.

"எப்ப வந்தே அம்முணி? நாளைக்குன்னு தானே சொன்னாங்க."

"கரண்ட் இல்லைன்னு இன்னைக்கே வந்துட்டேம்மா."

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"நானு எண்ணெ வெக்கலைன்னு சொன்னேனல்லோ?"

"சொன்னீங்கம்மா. நாந்தான் நம்பல."

அவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இதை யாருகிட்டப் போயிச் சொல்றது? அவரு இருந்த வரைக்கும் வெள்ளிக்கெழமையானா அவருதான் முதுகு தேச்சு உடுவாரு. வெளிய தெரிஞ்சா அவரத்தான் கேலி பண்ணுவாங்கன்னு நானும் மூச்சு உட்டதில்ல. என்ற பையன்கிட்ட முதுகுக்குக் கை எட்டலைன்னா, ஆள் போடறேங்கறான். கூலிக்கு வாரவகிட்ட முதுகைக் காட்ட எனக்கு என்னமோ மாதிரி இருக்குது. இது ஒரு நா தானா வந்து ஒரசுச்சு. அவரு போனதுக்கப்பறம் இந்த முதுகைத் தொட்டது இது ஒண்ணுதான் அம்முணி."

பிறகு பெட்டியைக் காட்டிச் சொன்னார். "அதுக்குத் தோலு புண்ணாகுதுன்னா கொண்டு போயிரு. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். நானு ஒரு சொம்புத் தண்ணி ஊத்திக்கிட்டு வந்து எடுத்துத் தாரேன்."

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். அஸ்காவைத் தூக்கிப்போய் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்தேன்.

"நான் கூலிக்கு வரலைங்கம்மா. துண்டை எடுங்க."

அவர் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். நடு முதுகில் தோல் வெளுத்து, வரிவரியாக இருந்தது. நான் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, தோள்பட்டை நடுவிலிருந்து கீழே இறக்கினேன். எலும்பு எலும்பாகக் கைக்குத் தட்டுப்பட்டது. பூனைகளைத் தொட்டுத் தொட்டு எனக்கு அழுத்தாமல் தேய்த்துத்தான் பழக்கம். அறைக்குள்ளிருந்து அஸ்கா கத்திக்கொண்டே இருந்தது.

"நல்லா அளுத்தித் தேய்யு அம்முணி. நா என்ன பூனையா?" என்றார் பாவாயம்மாள். சிரித்துவிட்டோம். சிரிப்பு நின்ற பிறகும் அவர் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. நான் கையை எடுக்கவில்லை.

காலிப் பெட்டியோடு கிளினிக்குக்குத் திரும்பினேன். "அந்தம்மா எண்ணெ வெக்கலீங்க டாக்டர். இனிமே அது மேல எண்ணெ படாது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் போய்ப் பாத்துக்கறேன்" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என் புடவையிலும் நல்லெண்ணெய் வாசம் அடித்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. குமரேசனுக்கு அவரே போன் செய்து, பூனை அங்கேயே இருக்கட்டும் என்றார். அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் அவர் எனக்கு வேறு வேலை கொடுக்கவே இல்லை.

அப்படித்தான் மோகனூர் பஸ்ஸில் வருஷக்கணக்கில் போய்வந்தேன். முதலில் அஸ்காவை அறையில் விட்டுக் கதவைச் சாத்துவது, பிறகு பாவாயம்மாளுக்கு முதுகு தேய்ப்பது, அவர் குளித்து வந்ததும் அஸ்காவுக்கு வாருவது. படை ஆறி, முடி புதிதாக வளர்ந்து, டாக்டரம்மாவின் புறங்கைக்கே குறை தெரியாத அளவுக்கு ஆனது. "இப்ப நீ இருக்கற, எனக்கென்ன" என்பார் பாவாயம்மாள். ஒரு பங்குனியில் தூக்கத்திலேயே போய்விட்டார். காரியம் முடிந்து குமரேசன் பூனையை என் கையில் கொடுத்தார். "போன் பண்ணாலே சாந்தி வந்தா, சாந்தி போனான்னுதானுங்க பேச்சு. எதுக்கு வாரீங்கன்னு மட்டும் அம்மா சொல்லவே இல்லைங்க" என்றார். "பூனைக்கு முடி வாரத்தானுங்க" என்றேன்.

இப்போது நானும் அஸ்காவும்தான். ஞாயிற்றுக்கிழமை பையன் வீடியோவில் வருவான். நல்ல பையன்தான். தோள்வலி என்றேன், வேலைக்கு ஆள் வைக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். வேறு என்ன சொல்ல? வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற பழக்கம் மோகனூரிலிருந்து எனக்கும் ஒட்டிக்கொண்டது. விதி தவறாமல் அஸ்காவை அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கிண்ணத்தைத் தொடுவேன். கொஞ்ச மாதமாகக் கை பிடரியைத் தாண்டுவதில்லை. கீழேயிருந்து வளைத்தாலும் இடுப்போடு நின்றுவிடுகிறது.

நந்தினி, நீ முகர்ந்து பார்த்தது நல்லெண்ணெய்தான். கன்னம், தோள், விலா, இந்த இடங்களில் மட்டும்தான் இருந்திருக்கும். வயிற்றில் துளிகூட இருந்திருக்காது. அதன் தோலுக்கு ஆகாது என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். உன்னிடம் தூக்கி வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, நான் கூப்பிடக்கூட இல்லை, அதுவாகத்தான் பின்னால் வந்து நின்றது. நான் எண்ணெய் வைக்கவில்லை, அம்மா. அந்த வெள்ளிக்கிழமை கதவைச் சாத்தவில்லை, அவ்வளவுதான்.